சுவர் இருந்த இடத்தில் ஒரு நாற்காலி

என் மனைவியின் கல்லறைக்கு இடப்பக்கம் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு நிலம் காலியாகக் கிடக்கிறது. அது எனக்கு. இதை விண்ணப்பமாக எழுதவில்லை. விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, அதன் கதி என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். இது தகவல்.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் முழுக்க மற்றவர்களின் எல்லைத் தகராறுதான். வரப்பை ஒரு முழம் நகர்த்தியவன், பொதுப்பாதையில் மாட்டுக்கொட்டகை கட்டியவன், ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றவன் என எல்லோரும் என் மேசைக்கு முன்னால் நின்று சத்தியம் செய்திருக்கிறார்கள். ஒரு துண்டு நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அரசாங்கத்தில் எத்தனை வகையான பதில் உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால், ஓய்வுக்குப் பிறகு எனக்கே ஓர் எல்லைத் தகராறு வந்து சேர்ந்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. எதிர்த்தரப்பு, திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் பகுதி மாதா கோயில்.

விவகாரம் எளிது. என் மனைவி கத்தோலிக்கக் கிறிஸ்தவள். நான் பனமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பிறப்பால் இந்து, பழக்கத்தால் எதுவுமில்லை. ஞானஸ்நானம் வாங்காத ஒருவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது பங்குப் பேரவையின் நிலைப்பாடு. பங்குப் பேரவை என்றால் சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியங்களை நடத்தும் கமிட்டி. அவள் பக்கத்தில்தான் படுப்பேன் என்பது என் நிலைப்பாடு. அதற்காகப் பொய்யாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் இருவருடைய நிலைப்பாடு. இந்தக் கடைசி ஒன்று இல்லையென்றால் காரியம் என்றோ முடிந்திருக்கும்.

அவளை நான் பார்ப்பதற்கு முன்பே அவளோடு சண்டை போட்டுவிட்டேன். விழுப்புரம் தொலைபேசி நிலையத்தில் அவள் ஆபரேட்டர். அப்போது எங்கள் மாவட்டத் தலைநகரம் கடலூர். தாலுகா ஆபீஸிலிருந்து கடலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் வெள்ளச் சேத அறிக்கை ஒன்றுக்காக நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

"சார், மெதுவாப் பேசுங்க. நீங்க கத்தற கத்தல்ல லைன் போடாமயே கடலூருக்குக் கேட்டுடும்" என்றது ஒரு பெண்குரல்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுமே. ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு வெயிட் பண்ண முடியாதவரு."

முறைப்படி புகார் எழுதினேன். நகல் எடுத்து, மேற்பார்வையாளரிடம் நேரிலேயே கொடுக்கப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். காதில் மாட்டிய கருவியைக் கழற்றாமல், மேசை இழுப்பறையிலிருந்து வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்துத் தின்றுகொண்டிருந்த ஒரு பெண், கையை நீட்டிப் புகாரை வாங்கி, முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"அவமரியாதையாப் பேசினாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் மரியாதையாத்தான் பேசினேன். 'கிண்டல் செய்தார்'னு மாத்திக் குடுங்க, ஒத்துக்கறேன்."

மாற்றிக் கொடுக்கவில்லை. மறுநாளும் ட்ரங்க் கால் பதிவு செய்தேன். அதற்கு மறுநாளும். கடலூரில் எனக்கு அவ்வளவு வேலை இருந்ததாக ஆபீஸில் யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து கடைசி வரை, என்னைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் மட்டும் அவள் 'சார்' என்று கூப்பிடுவாள். மற்ற நேரத்தில் 'ஏங்க'. ஒரு நாளில் எத்தனை 'சார்' விழுகிறது என்பதை வைத்து அவள் மனநிலையைத் தெரிந்துகொள்வேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவளுடைய சொந்த ஊரான திண்டிவனத்துப் பங்கில் இருந்த வயதான சாமியார் ஒரு வழி சொன்னார். பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம். "பையன் ஞானஸ்நானம் வாங்கிக்கட்டும். அடுத்த மாசமே கோயில்ல ஓலை வாசிச்சிடறேன்." ஓலை வாசிப்பது என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் அறிவிப்பது. பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோமே, அதேதான். இங்கே சத்தமாகச் செய்வார்கள்.

அவள் என்னைக் கோயில் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டாள்.

"உங்களுக்கு நம்பிக்கை இருக்குதா?"

"உன்மேல இருக்கு."

"சினிமா வசனம் வேணாம். சாமிமேல இருக்குதா?"

"இல்ல."

உள்ளே போய், "வேணாம் ஃபாதர்" என்றாள். "இவரு பொய்யா உள்ள நிக்கறதுக்கு நெசமா வெளிய நிக்கட்டும்."

அதன்பிறகு ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், விதிவிலக்கு வாங்குவதற்கு ஓடினோம். பிறக்கும் பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாக வளர்க்கத் தடை சொல்ல மாட்டேன் என்று நான் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். போட்ட கையெழுத்தை இதுவரை மீறியதில்லை. எங்கள் மகனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று சட்டை கசங்காமல் கோயில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றது நான்தான்.

என் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. 'எங்கள் தோப்பிலிருந்து ஒரு கீற்றுகூட அந்த வீட்டுக்குப் போகாது' என்று சொல்லியனுப்பினார். பல வருடம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தபோது, வாரம் தவறாமல் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டவள் அவள். கட்டிலருகே உட்கார்ந்து வாய்க்குள்ளேயே செபமாலை சொல்வாள். அவர் ஒரு நாள், "இன்னாம்மா முணுமுணுன்ற, சத்தமாத்தான் சொல்லேன், பொழுதாவது போவும்" என்றாராம். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவர் செய்த முதல் காரியம், குருத்து ஞாயிறுக்குத் தென்னங்குருத்து வெட்டி மூட்டை கட்டி பஸ் மேலே ஏற்றி அனுப்பியது. அவருக்குப் பின் என் தம்பி அனுப்புகிறான்.

குருத்து ஞாயிறன்று ஓலையைக் கையில் பிடித்து ஊர்வலம் போவார்கள். அதைச் சிலுவை போல மடித்து வீட்டு நிலைவாசலில் செருகி வைப்பார்கள். அடுத்த வருடம் சாம்பல் புதனுக்கு முன்னால் அந்தக் காய்ந்த ஓலைகளை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால், எரித்துச் சாம்பலாக்கி நெற்றியில் பூசுவார்கள். ஆகவே எங்கள் பங்கில் வருடாவருடம் ஒவ்வொரு நெற்றியிலும் ஏறுவது பனமலைத் தோப்பின் சாம்பல். எனக்கு இடமில்லை என்று சொல்லும் நெற்றிகளையும் சேர்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவேன். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போவாள். நான் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் செய்தித்தாளோடு உட்காருவேன். புதிதாக வரும் ஒவ்வொரு சாமியாரும் முதல் மாதத்தில் என்னைப் பிடிக்க முயற்சி செய்வார். வானிலை, விலைவாசி, கடைசியாக ஆன்மா. நான் வானிலையோடு நிறுத்திக்கொள்வேன். பூசையில் பைபிள் வாசகம் படிக்க அவள் முறை வரும் நாளில் மட்டும் பேப்பரை மடித்துவிடுவேன். மைக் வேண்டியதில்லை அவளுக்கு. தீர்க்கதரிசியின் கோபத்தைக்கூட, 'லைனில் காத்திருக்கவும்' என்பது போல அத்தனை தெளிவாகப் படிப்பாள்.

தவக்காலம் முழுக்க அவள் கறி மீன் தொடமாட்டாள். எனக்கு மட்டும் சமைப்பாள். "உங்களுக்கு எதுக்குங்க நோம்பு, நீங்க என்ன பாவம் பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியாது" என்பாள். குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்தால் விரதம் கெட்டுவிடும் என்பதால் அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "சார், உப்பு பாக்க வாங்க." தாலுகாவில் ஒரு கிராமமே கலவரத்தில் இருந்தாலும், தவக்கால ஞாயிறில் உப்புப் பார்ப்பது என் கடமை. அவள் போன பிறகு என் குழம்பில் உப்பு சரியாக விழுந்ததே இல்லை. பார்க்கிறவனும் நானே, போடுகிறவனும் நானே என்றால் அப்படித்தான் ஆகும். எந்தத் தணிக்கையாளரும் சொல்வார்.

அவளை லேசான பக்திக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் மனமாற்றத்துக்காக அவள் தினமும் சாயங்கால செபத்தில் வேண்டிக்கொண்டாள், எனக்குக் கேட்கும்படியாகவே. "இந்த வீட்டுத் தலைவருக்கு விசுவாசத்தைத் தாரும் ஆண்டவரே" என்பாள். நான் கூடத்திலிருந்து, "மனு கிடைத்தது, பரிசீலிக்கப்படும்" என்பேன். மகன் சிரிப்பான். அவள் சிரிக்காமல் செபமாலையில் அடுத்த மணிக்குப் போவாள். அவள் வேறு எதையும் அவ்வளவு காலம் விடாமல் கேட்டதில்லை. அது கிடைக்காமலேதான் போனாள்.

இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்துச் சொல்வது புரியும்.

ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிவந்த சமயம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். நினைவில்லை. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபம் செய்யும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். எங்கள் அன்பியத்தின் தலைவி, பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண்மணி, வேளாங்கண்ணித் தண்ணீர் பாட்டிலோடு ஒரு படையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். சாகக் கிடக்கிறவருக்கு ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபையில் விதி உண்டு. எனக்குப் பெயர்கூட வழியிலேயே முடிவாகியிருந்தது. நல்ல மரணத்துக்குப் பாதுகாவலரான புனிதரின் பெயர். அவர்கள் என்னைப் பற்றி எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டுச் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. அதன்பின் நடந்ததை எனக்கு அவளும் சொன்னாள், தலைவியும் சொன்னார், ட்யூட்டியில் இருந்த நர்ஸும் சொன்னார். மூன்று வாக்குமூலமும் ஒத்துப்போகின்றன.

"அக்கா, ஒரு நிமிஷம்தான். நெத்தியில ரெண்டு சொட்டு. அவருக்கே தெரியாது."

"அவருக்குத் தெரியாதுன்றதுதாண்டி பிரச்சனையே."

"ஆத்துமா பூடுமேக்கா!"

"போனா நான் பேசிக்கறேன். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவ நான். எனக்கு மேல ஒரு லைன் கெடைக்காதா?"

"நீ நெசமாலுமே கிறிஸ்தவச்சிதானா?"

"அதனாலதான் சொல்றேன். மயக்கத்துல கெடக்கறவர் தலையில தண்ணி ஊத்திட்டு சாமிகிட்ட ஆளு சேத்துட்டோம்னு கணக்குக் காட்டுவீங்களா? இது இன்னா வோட்டர் லிஸ்ட்டா? அவரு எழுந்து வந்து தானா கேக்கட்டும், நானே கூட்டிக்கினு வரேன். தாசில்தார்டி அவரு. அவரு கையெழுத்து இல்லாம எதுவும் செல்லாது."

சொல்லிவிட்டு அந்த பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டாளாம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, தாகமாக இருந்தது என்றாள் பிற்பாடு. மாதா உருவத்தில் செய்து, தலையில் நீலக் கிரீடத்தையே மூடியாகப் போட்ட அந்தக் காலி பாட்டில் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

எனக்கு நினைவு வந்ததும், "என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"உங்கள மோட்சத்துக்கு அனுப்பப் பாத்தாங்க சார். நான் தடுத்துட்டேன்."

அப்போது எங்கள் பேத்தி சின்னவள். புது நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்குவதற்கான வகுப்பில் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டாள்.

"ஆயா, தாத்தா ஞானஸ்நானம் வாங்கலயே, நரகத்துக்குப் போவாரா?"

"அங்க சேக்க மாட்டாங்க. உள்ள போனதும் ரூல்ஸ் கேப்பாரு."

"அப்ப மோட்சத்துக்கு?"

"வாசல்ல பேப்பர் படிச்சிக்கினு உக்காந்திருப்பாரு. பூசை முடிஞ்சா நான் வெளிய வருவேன்ல, கூட்டிக்குவேன்."

பேத்திக்கு அது போதுமாக இருந்தது. திருச்சபையின் அறிஞர்களுக்குப் போதுமா என்று தெரியவில்லை. எனக்குப் போதும்.

பிறகு அவளுடைய சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸுக்காகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தோம். அப்படித் திரும்பும் ஒரு மத்தியானம், வண்டியைக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திருப்பச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அந்தத் தோட்டத்தின் நடுவே முன்பு ஒரு கட்டைச் சுவர் இருந்தது. இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர். எதற்காகச் சுவர் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். செத்தவர்களைச் சாதி பார்த்துப் படுக்க வைப்பதற்காக. அன்பியக் கூட்டங்களில் அவள் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "உயிர்ப்பு நாள்ல எல்லாரும் ஒண்ணா எழுந்திருப்போம்னு செபம் சொல்றோம். எழுந்ததும் மொதல்ல இந்தச் சுவர எகிறிக் குதிக்கணுமா?" யாரும் இடிக்கவில்லை. ஒரு பெருமழையில் அது தானே சரிந்தது. திருப்பிக் கட்டவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. சுவர் இருந்த இடம் மட்டும் ஒரு நீளப் பட்டையாக, புல் முளைத்துக் கிடந்தது. இந்தப் பக்கத்தாரும் அங்கே புதைக்கவில்லை, அந்தப் பக்கத்தாரும் புதைக்கவில்லை. எங்கள் துறையில் இதைப் புறம்போக்கு என்போம்.

அந்தப் பட்டையின் நடுவில் போய் நின்றாள்.

"எனக்கு இங்க."

"இங்க யாரையும் வைக்கறதில்லையே."

"அதனாலதான் ரெண்டு பேருக்கு எடம் இருக்குது. நான் இந்தப் பக்கம், நீங்க எடது பக்கம். பஸ் சீட்டுல உக்கார்ற மாதிரி வச்சிக்கலாம்."

"என்ன விடமாட்டாங்க."

"கேளுங்க. கேட்டா குடுக்கறாங்களோ இல்லயோ, கேக்காம இருக்காதீங்க. ஆனா எனக்காகப் பொய் சொல்லிக்கினு வந்து படுக்காதீங்க. பக்கத்துல படுத்துக்கினு உங்க மூஞ்சியப் பாக்க எனக்குச் சங்கடமா இருக்கும்."

அவள் போனது அடுத்த மழைக்காலத்தில். சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் நடந்தது, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து செபம் சொன்னாள். மூச்சு நின்றது தெரியாமல் பேத்தி தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் நிறுத்தவில்லை. சுவர் இருந்த இடத்தில்தான் குழி என்றபோது இரண்டு பக்கத்திலிருந்தும் முகங்கள் சுருங்கின. புதிதாக வந்திருந்த இளம் சாமியார், "அம்மா கேட்டது அதுதான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

நான் மனு எழுதினேன். திருச்சபைச் சட்டத்தை வாங்கி வந்து வாசித்துவிட்டுத்தான் எழுதினேன். நம் ஊர் நில உச்சவரம்புச் சட்டத்தை விடத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டங்களுக்கான விதிகளை அந்தந்த இடத்தில் வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. கிறிஸ்தவ மனைவியின் அருகே கிறிஸ்தவனல்லாத கணவனை வைக்கக் கூடாது என்று எங்கும் என் கண்ணில் படவில்லை. ஆயரகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை என் கையாலேயே எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியவன் நான். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

மகன் சென்னையிலிருந்து போனில் பேசினான். "ப்பா, ஒரு தடவ தண்ணி ஊத்திக்கறதுல என்னப்பா போவுது? அம்மாவே சந்தோஷப்படுவாங்க."

"உங்கம்மாவ உனக்கு எத்தினி வருஷமாத் தெரியும்?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

பனமலையிலிருந்து தம்பி வேறு: "நம்ம ஏரிக்கரையில எடமா இல்ல? அங்க போயி கெஞ்சிக்கினு கெடக்கற?"

"கெஞ்சல. கேட்டிருக்கேன்" என்றேன். குருத்து ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை ஓலையை அனுப்ப வேண்டாமா என்று அவனே கேட்டான். வழக்கத்தை விட ஒரு கட்டு கூடுதலாக அனுப்பச் சொன்னேன். ஓலைக்கும் இடத்துக்கும் முடிச்சுப் போட்டால் அவள் மன்னிக்க மாட்டாள்.

ஈஸ்டர் கழிந்து பங்குப் பேரவை கூடியது. என்னையும் அழைத்திருந்தார்கள். பேரவையின் செயலாளர் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவரை வழியில் இறக்கிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"சார், உங்கமேல எங்களுக்கு ரொம்ப மரியாதை இருக்குது. ஆனா ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதே."

"எந்த ரூல்ஸ்? எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதல. வழக்கம்."

"அந்தச் சுவரும் வழக்கம்தான்."

செயலாளர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரு அரை மணி நேர வேல சார். ஃபாதர் தண்ணி ஊத்தப் போறாரு. நீங்க 'விசுவசிக்கிறேன்'னு சொல்லப் போறீங்க. ஜல்தியா முடிஞ்சிடும். இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா?"

"'விசுவசிக்கிறேன்'னு சொன்னா பொய்யாச்சே."

"யாரு சார் செக் பண்ணப் போறாங்க?"

"செக்கிங் இன்ஸ்பெக்டர் நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. அப்போது பின்வரிசையில் பெண்கள் பக்கத்திலிருந்து தையல் கடைத் தலைவி எழுந்தார்.

"ஃபாதர், நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஆஸ்பத்திரில அக்கா மாத்திர வாங்கக் கீழ போனாங்க. அந்த நேரம் பாத்து நான் உள்ள பூந்து அண்ணனுக்கு ஊத்திட்டேன். செபமும் சொல்லிட்டேன். அக்காவுக்குத் தெரியாது. திட்டுவாங்கன்னு இத்தினி நாளா சொல்லல."

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது. செயலாளர் இரண்டு கையையும் மேசைமேல் விரித்தார். "அப்ப முடிஞ்சிது! ஆபத்து வேளையில குடுத்த ஞானஸ்நானம் செல்லும். ஃபாதர், பதிஞ்சிடலாம்."

சாமியார் என்னைப் பார்த்தார். "சார்?"

நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நான் பொய் சொன்னதாகவும் ஆகாது. வேறொருவர் சாட்சி சொல்கிறார், எனக்கு அப்போது நினைவே இல்லை. இதைவிட வலுவான வழக்கு என் வேலைக்காலத்தில் எந்த மனுதாரருக்கும் அமைந்ததில்லை. தலைவி கண்ணாலேயே, 'வாயத் தொறக்காத' என்று எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். சுவர் இருந்த அந்தப் பட்டை, அதில் வெள்ளைச் சிலுவை, சிலுவைக்கு இடப்பக்கத்துப் புல் எல்லாம் கண்ணெதிரே வந்தது. இப்போதே படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று வாக்குமூலத்தையும் நினைத்தேன். அதில் மாத்திரையும் இல்லை, மாடிப்படியும் இல்லை. குறுக்கே போட்ட ஒரு நாற்காலி மட்டும்தான்.

"ஃபாதர், இவங்க ரொம்ப நல்லவங்க. அதனால பொய் சரியா வரல" என்றேன். "என் மனைவி எங்கயும் போகல. அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு வாசல்லயே உக்காந்திருந்தா. காலி பாட்டில் வீட்ல இருக்கு, வேணும்னா கொண்டுவந்து காட்டறேன். எனக்கு ஞானஸ்நானம் ஆகல. ஆகாமலேதான் கேக்கறேன்."

தலைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். "யோவ் அண்ணே! கெடைக்கறதக் கெடுத்துக்கினியே! அக்காவுக்கு ஏத்த ஆளுதான்யா நீ!"

கூட்டம் அத்தோடு கலைந்தது. வாசலில் என்னைப் பிடித்து அவர் இன்னொரு சுற்றுத் திட்டினார். "ஒரு நிமிஷம் வாய மூடிக்கினு இருந்திருந்தா அக்கா பக்கத்துல எடம். இன்னா மனுசன்ணே நீங்க?"

"அவ சும்மா விடுவாளாம்மா? பக்கத்துலயே படுத்துக்கினு தெனம் கேப்பா."

அவர் சிரிக்க ஆரம்பித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவள் போனபோது அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

சாமியார் ஸ்கூட்டர் வரைக்கும் கூட வந்தார். "சார், என்னால எழுத்துல எதுவும் குடுக்க முடியாது. ஆயரகத்துலருந்து வரணும். ஆனா நான் இங்க இருக்கற வரைக்கும் அந்த இடத்துல வேற யாரையும் வைக்க மாட்டேன்."

வாய்மொழி உத்தரவுக்கு மதிப்பில்லை என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாமியார்களுக்கும் மாறுதல் உண்டு. வட்டாட்சியர்கள் போலத்தான், வேலை தெரிந்துகொள்ளும் நேரத்தில் தூக்கிவிடுவார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பழக்கத்தில் ஸ்கூட்டரைக் கோயில் பக்கம் திருப்பினேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து யாருக்காகக் காத்திருப்பது? வீட்டுக்குத் திரும்பி, இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளுக்கு இடப்பக்கம், புல்மேல், நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். கோயிலில் வாசகம் படிப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. படித்த பெண் ஒரு நிறுத்தம் இல்லாமல் ஓட்டினாள். "லைன் கட்டாயிடும் போல" என்றேன், பக்கத்தில்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை. பூசை தொடங்கும்போது போவேன், முடிந்த மணி கேட்டதும் நாற்காலியை மடித்துக்கொண்டு வருவேன். ஒருவன் ஒரு நிலத்தில் பகிரங்கமாக, தொடர்ச்சியாக, யாருக்கும் ஒளிக்காமல் உட்கார்ந்துகொண்டே இருந்தால் அதற்கு அனுபவ பாத்தியம் என்று சட்டத்தில் பெயர். கல்லறைத் தோட்டத்துக்கு அது செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். செயலாளருக்குத் தெரியாது.

போன ஞாயிறு அவர் வந்துவிட்டார். பூசையை விட்டுவிட்டு வந்திருந்தார் என்பதைக் கவனித்தேன், சொல்லவில்லை.

"சார், இன்னா இது? இங்கெல்லாம் நாற்காலி போடக் கூடாது."

"யாரு சொன்னது?"

"பேரவைல பேசிக்கினாங்க."

"எழுத்துல குடுங்க. பதில் எழுதறேன்."

"எதுக்கெடுத்தாலும் எழுத்துல குடு, எழுத்துல குடுன்னா எப்படி சார்? எத்தினி நாளைக்கு இப்படி வந்து உக்காந்துக்கினு இருப்பீங்க?"

"உக்கார முடியற வரைக்கும். அதுக்கப்புறம் படுத்துக்கறதாத்தான் மனு குடுத்திருக்கேன்."

அவர் சிலுவையைப் பார்த்தார். பிறகு காலுக்கடியில் புல்லைப் பார்த்தார். அவருடைய அப்பா இந்தப் பட்டைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார், என் மனைவியின் அப்பா இந்தப் பக்கம். அவர் நின்றுகொண்டிருந்தது சுவர் இருந்த இடத்தில். அது அவருக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்தார், எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் திரும்ப அங்கேயே வைத்தார்.

"போறப்ப எடுத்துக்கினு போயிடுங்க சார்" என்றார் கடைசியாக. அதட்டலாகத் தொடங்கிய குரல் நடுவில் எங்கோ மாறிவிட்டது.

பூசை முடிந்த மணி அடித்தது. பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டேன். நாற்காலியை மடிக்கவில்லை. விரித்தது விரித்தபடி, அவளுக்கு இடப்பக்கம் விட்டுவிட்டு வந்தேன்.